மேக்கணக்கு மிசின் வாள்

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த நாகலெட்சுமி, இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாள் சங்கிலிக்கு அரம் போடத் தொடங்கினாள். வெளிச்சம் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். எதிரே அவள் புருஷன் ஆண்டியப்பன் மிசினைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, முழங்கைகளால் அழுத்தி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அரத்தை உள்ளிருந்து வெளியே ஒரே போக்கில் தள்ளினாள்; திரும்பும்போது பல்லில் படாமல் எடுத்தாள். ஒரு பல் முடிந்ததும் அவன் புறங்கையால் சங்கிலியை நகர்த்திக் கொடுத்தான். பல்லுக்குப் பல் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் வாள் மரத்துக்குள் கோணிக்கொண்டு போகும். தொடங்கிய பல்லில் அவள் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அந்தப் புள்ளி சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அரத்தைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நெட்டி முறித்தாள்.

கொழுந்துக் கறை படிந்த அந்த விரல்களில் இப்போது எண்ணெய்க் கறுப்பும் ஏறியிருந்தது. ஆண்டியப்பன் அதைப் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எழுந்துபோய் அடுப்பிலிருந்த வெந்நீரைச் செம்பில் மொண்டு கொண்டுவந்தான். வழியிலேயே பாதி சிந்திவிட்டது. மீதியில் அவள் கை கழுவினாள்.

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்குக்கு மிசின் வாள் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஹட்டனில் மரம் வெட்டும் குத்தகை எடுக்கிற ஒரு மரக்காரன் பாவித்துத் தள்ளியதைத் துரை வாங்கியிருந்தார். வரும்போதே சாயம் உரிந்து, கைப்பிடி ஒடுங்கி, கிழட்டு மாடு மாதிரி இருமிக்கொண்டுதான் வந்தது. அதைத் தூக்கி நிறுத்தி மரத்தில் வைக்கத் தோள் பலம் வேண்டும் என்று துரை ஆண்டியப்பனைத் தேர்ந்தெடுத்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மழையில் குனிந்து நின்றவனுக்கு அது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. கோடாலிக்காரர்கள் ஒரு நாள் முழுக்க நின்று சாய்க்கிற மரத்தை அவன் காலைத் தேநீருக்கு முன்பே சாய்த்துவிடுவான். கஷ்டம் அதன் உதறலில் இருந்தது. வேலை முடிந்து கீழே வைத்த பிறகும் அவன் கைகள் தாமாகவே ஆடிக்கொண்டிருக்கும். சோற்றைப் பிசையும்போதும் ஆடும்.

இரண்டாவது பனிக்காலத்தில் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்கும்போது நுனியிலிருந்து நடுக்கணு வரை சுண்ணாம்பில் தோய்த்ததுபோல ஆகிவிடும். கிள்ளினால் தெரியாது. டிஸ்பென்சரியில் மருந்தையா குளிர்தான் என்று சொல்லித் தேய்க்கத் தைலம் கொடுத்தார். தைலம் தீர்ந்தது, உணர்ச்சி வரவில்லை; மரப்பு உள்ளங்கைக்கும் இறங்கியது. பெரட்டில் ஆண்டியப்பன் கைகளைக் கம்பளிக்குள் மறைத்துக்கொள்ளப் பழகினான். கை செத்தவனை மிசினுக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். கவ்வாத்துக் கத்தியையும் இனிப் பிடிக்க முடியாது. வேலையாள் பதிவான செக்றோலில் பெயர் இல்லாவிட்டால், குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை.

முதலில் கண்டுபிடித்தவர் றோலண்ட். இஸ்டோரில் தேயிலை அரைக்கும் மிசின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவர். ஒரு நாள் வாளின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆண்டியப்பன் கையில் கொடுத்தார்; விழுந்தது. எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை அவரே வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, வேட்டி சட்டையோடு நேரே லயத்துக்கு வந்தார். பையில் துணி சுற்றிய ஓர் உருட்டு அரமும் ஒரு கம்பித் தூரிகையும் இருந்தன.

"இவன் கை செய்யாதத ஒங்க கை செய்யட்டும் தங்கச்சி. யாரு கைன்னு மிசினுக்குத் தெரியவா போகுது?" என்றார் நாகலெட்சுமியிடம்.

பிளக்கில் படியும் கரியைச் சுரண்டவும், காற்று போகும் வலையைப் பெற்றோலில் அலசவும், எண்ணெயைப் பெற்றோலோடு சரியான அளவில் கலக்கவும் அன்றே சொல்லிக் கொடுத்தார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடமும் இஸ்டோரில் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அதற்காகவே ஆண்டியப்பன் மாரியம்மனைக் கும்பிடும்போதெல்லாம் றோலண்டுக்கும் சேர்த்துக் கும்பிட்டான்.

ஆனி மாதக் காற்று அந்த வருஷம் மூர்க்கமாக வந்தது. அவர்கள் குடியிருந்த மேட்டு லயத்துக்குப் பின்னால், சரிவில், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு கருப்பந்தைல மரம் நின்றது. அதை வெட்டிவிடும்படி லயத்து ஆட்கள் போன வருஷமே கண்டாக்கையாவிடம் கேட்டிருந்தார்கள். பங்களாப் பாதையிலுள்ள மரங்கள் முடியட்டும் என்று பதில் வந்தது. ஒரு நாள் விடிந்து பார்த்தபோது மரம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பின்பக்கம் வேர் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மேலெழும்பி, பிளவில் மழைத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சனங்கள் சட்டி பானைகளையும் பாயையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். கடைசிக் காம்பராப் பேச்சியம்மா, பிறந்து மாதம் ஆகாத பிள்ளையைச் சாக்குக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நின்றாள். துரை ஜீப்பில் வந்து பார்த்தார். மாலைக் காற்றுக்கு முன்னால் மரம் இறங்க வேண்டும் என்று கண்டாக்கையாவிடம் சொன்னார். இந்தக் கிழட்டு மிசினால் ஆகாதென்றால் ஹட்டன் மரக்காரனையே ஆளும் மிசினுமாக வரவழைத்து, இனிமேல் எல்லா மரத்தையும் அவனுக்கே விட்டுவிடப்போவதாகவும் சொன்னார். கண்டாக்கையா அதை ஆண்டியப்பனுக்குத் தமிழில் சொன்னார்.

ஒருவன் ஏறி மரத்தின் பாதி உயரத்தில் கம்பி வடத்தைக் கட்டினான். லயத்துப் பக்கம் விழாமல் பக்கவாட்டில் மழைத் தண்ணீர் ஓடும் பெரிய கானை நோக்கி இழுப்பதற்கு ஆட்கள் வடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டியப்பன் மரம் சாய வேண்டிய கான் பக்கம் முதலில் வாய் வெட்டினான். மிசின் நன்றாகத்தான் ஓடியது. வாய் முடிகிற நேரத்தில் மூச்சு வாங்குவதுபோல் இழுத்து, நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து மிசினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தபோது மறுபடி பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் போய் வெட்டத் தொடங்கினான். வாள் பாதி ஆழம் போனதும் திரும்பவும் நின்றது.

யாரோ ஓடிப்போய் றோலண்டைக் கூட்டிவந்தார்கள். அவர் பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தார். நீலமாகப் பொறி வந்தது. காற்று வலை சுத்தமாக இருந்தது. தாங்கியில் பெற்றோலும் இருந்தது. மாட்டி, ஆண்டியப்பனை விசையை அழுத்தச் சொல்லி இழுத்தால் உடனே ஓடியது. வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்துக்குள் நின்றது. எல்லாம் சரியாக இருந்தும் ஏன் நிற்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஆண்டியப்பனுக்குப் பிடிபட்டதாகத் தோன்றியது. விசையை அழுத்துகிற விரலை அவன் குனிந்து பார்த்தான். வெளுத்துப் போயிருந்தது. அது விசையின் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அழுத்துகிறதா விலகுகிறதா என்பது தெரியவில்லை. தன் விரல்தான் வேலைக்கு நடுவே நழுவிவிடுகிறது, அதனால்தான் மிசின் நிற்கிறது என்று நினைத்தான். பாதி அறுபட்ட மரத்தை இப்படியே விட்டால் அடுத்த காற்றுக்கு நேரே லயத்தின் மேல்தான் விழும். மேலே கிளைகள் முனகின. வடம் பிடித்தவர்கள் கால்களை மாற்றி ஊன்றினார்கள். எல்லோரும் விலகிவிடுங்கள் என்று கண்டாக்கையா கத்தினார்.

அப்போது நாகலெட்சுமி சரிவில் ஏறி வந்தாள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கண்டாக்கையா அதட்டியது காதில் விழாதவள்போல மிசின் பக்கத்தில் குந்தினாள். தினமும் பெற்றோல் ஊற்றுகிறவள். கை நேரே தாங்கி மூடிக்குத்தான் போனது. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. அவள் மூடிவிட்டு, றோலண்டை இழுக்கச் சொன்னாள். ஓடியது, நின்றது. திரும்பத் திறந்தாள். மறுபடியும் உஸ்ஸென்றது.

"டின்பாலுக்கு ஒத்த ஓட்ட போட்டா பால் வராதுல்லண்ணே," என்றாள். "எதிர்ப்பக்கம் இன்னொன்னு போட்டாத்தான வரும். இதுக்குக் காத்துப் போற ஓட்ட எங்கன இருக்கு?"

றோலண்ட் மூடியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி நுழைகிற அளவில் ஒரு துவாரம் இருந்திருக்க வேண்டும். அதன்மேல் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அரக்குப்போல இறுகியிருந்தது. நாகலெட்சுமி ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். அவர் வாயில் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் வந்தது. மூடியை மாட்டும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொறந்ததுலேருந்து டின்பால் குடிக்கிறேன்," என்றார்.

அதற்குப் பிறகு மிசின் நிற்கவில்லை. நாகலெட்சுமி தீட்டிய பற்கள் ஈர மரத்தைக் கோணாமல் நேராகத் தின்றுகொண்டு போயின. தூள் சரம்சரமாகக் கொட்டியது. மரம் ஒரு தடவை வெடித்தது. ஆண்டியப்பன் வாளை உருவிக்கொண்டு பின்னால் பாய, வடக்காரர்கள் ஒரே குரலில் இழுக்க, மரம் லயத்துக் கூரையைத் தொடாமல் திரும்பிக் கானோடு கானாக நீட்டிப் படுத்தது. சேற்றுத் தண்ணீர் எல்லார் முகத்திலும் அடித்தது. பிறகு பேச்சியம்மா வந்து பிள்ளையை நாகலெட்சுமியின் கைகளில் கொடுத்துவிட்டு, அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

அன்றைக்கு நாகலெட்சுமியை யாரும் அடுப்பு மூட்ட விடவில்லை. ஒரு காம்பராவிலிருந்து ரொட்டி வந்தது, இன்னொன்றிலிருந்து மாசிச் சம்பல் வந்தது. வடம் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆண்டியப்பனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்:

"என் வெரலுதான் மோசம் பண்ணுதுன்னு நெனச்சிட்டேன் லெட்சுமி."

"இன்னிக்கு அது இல்லீங்க," என்றாள் அவள்.

அந்த 'இன்னிக்கு' போதும் என்று அவனுக்குத் தோன்றியது. இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு, றோலண்டைப் போல ஒரு மனுசன் இருப்பதற்கு, என்ன செய்தாலும் கடன் தீராது என்று நினைத்தபடியே தூங்கிப் போனான்.

மறுநாள் வேலை விட்டதும் துரை அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார். கண்டாக்கையாவும் கூட வந்தார். பின்கட்டு வாசலில், குசினிப் படிக்குக் கீழே ஆண்டியப்பன் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றான். துரை வெளியே வந்து அவனைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னதைக் கண்டாக்கையா திருப்பிச் சொன்னார். நல்ல வேலை செய்தானாம். கிழட்டு மிசினானாலும் ஆள் நல்ல ஆளாம். மரக்காரன் வேண்டியதில்லை, மேக்கணக்கோடு கீழ்க்கணக்கு மரங்களையும் இனிமேல் அவனே வெட்டலாமாம். வருகிற மாதம் முதல் மிசின் ஒரு நாளும் சும்மா கிடக்காதாம்.

இது தன் பெண்சாதி கண்டுபிடித்தது என்று சொல்ல ஆண்டியப்பனின் வாய் வரை வந்தது. சொன்னால், அவளுக்கு மிசினில் என்ன வேலை என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் கையைக் காட்டச் சொல்வார்கள். விழுங்கிக்கொண்டு, குனிந்து கும்பிட்டான்.

அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டுத் துரை அங்கேயே நின்று கண்டாக்கையாவோடு பேசிக்கொண்டிருந்தார். பங்களாவில் சமைக்கிற அப்பு எனாமல் கோப்பை நிறையக் கொண்டுவந்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. பால் விட்ட, நல்ல இஸ்டோர்த் தேயிலையின் சாயம். இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வாசனை புதிது. ஒரு கையால் வாங்கினால் நழுவிவிடும் என்று பயந்து, ஆண்டியப்பன் இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி வாங்கிக்கொண்டான். கோப்பையின் காதைப் பிடித்துக்கொள்ளும்படி அப்பு சொன்னான். பரவாயில்லை என்று தலையசைத்தான். துரைக்கு முன்னால் அவசரமாகக் குடிப்பது மரியாதையில்லை என்று, அவர் பேசி முடித்து உள்ளே போகும்வரை கோப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஒவ்வொரு வாயாகக் குடித்தான்.

லயத்துக்கு வந்தபோது நாகலெட்சுமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான். துரை சிரித்ததைச் சொன்னான். இரண்டு கணக்கும் தனக்குத்தான் என்பதைச் சொன்னான். கோப்பை நிறையப் பால் தேத்தண்ணி கொடுத்ததை, இவ்வளவு பெரிய கோப்பை என்று இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினான்.

நாகலெட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். அந்தக் கைகளைப் பிடித்து விரித்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் செக்கச் சிவந்து, விரல் அடிகளில் தோல் வெள்ளையாகக் கொப்புளித்துத் தண்ணீர் கோத்திருந்தது.

"சுடலையா?" என்றாள்.

ஆண்டியப்பன் குனிந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவள் குடத்தைச் சாய்த்து, பீலிக் குழாயிலிருந்து பிடித்துக் கொண்டுவந்திருந்த தண்ணீரை அவன் கைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்தபடி, துரை எவ்வளவு நல்ல மனுசன் என்பதை அவன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.