சிவப்புப் புள்ளி

இரண்டாவது காப்பி மெஷினை அன்னெலி ப்ளக்கில் சொருகியதும் சமையலறை விளக்கு அணைந்துபோனது. மின்அடுப்பில் ரொட்டி சூடாகிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டாள். அடுப்பும் காப்பியும் சேர்ந்து ஓடாது என்பது இந்த வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அம்மா இருந்திருந்தால், "அடுப்ப அணைங்க, காப்பி போடப் போறேன்" என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பாள். அந்த அம்மாவைத்தான் மதியம் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஹாலில் உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பனிக்காலம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. அப்பா எழுந்தார். கழுத்தில் அடக்கத்துக்குக் கட்டிய வெள்ளை டை அப்படியே இருந்தது.

அம்மா செத்த அன்றிலிருந்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிரியார் பேசிப் பார்த்தார். தம்பி ரோலண்ட் கெஞ்சிப் பார்த்தான். ம்ஹூம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அம்மாவோடு மல்லுக்கட்டிய மனுஷன்! இவரும் அவள் பின்னாலேயே போய்விடுவாரோ என்று அன்னெலி பயந்தாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நிலவறைக்கு இறங்கினாள். பலகையில் வெள்ளைப் பீங்கான் ப்யூஸ்கள் வரிசையாக இருந்தன. மற்ற அறை விளக்குகளுக்குப் பச்சைப் புள்ளி, சமையலறை முழுதுக்கும் சிவப்பு, தண்ணீர் மோட்டாருக்குச் சாம்பல். சாம்பல் கொஞ்சம் நிதானமான ரகம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும். சிவப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. அப்பா மூடியைத் திருகி அதை எடுத்தார். புள்ளி கழன்று விழுந்திருந்தது. உள்ளே கம்பி எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்பா, மோட்டாரோடதக் கழட்டி இதுல மாட்டுங்க! அது தாங்கும்," என்று ரோலண்ட் படி உச்சியிலிருந்து கத்தினான்.

"அது இதுக்குள்ள நுழையாதுடா. உள்ள வளையம் இருக்கு, பெருச விடாது," என்றாள் அன்னெலி.

"அப்ப எரிஞ்சதுலயே வெள்ளிக் காகிதத்தச் சுத்துங்கக்கா. ஒரு காப்பிக்குத்தான?"

"வீட்டோட கொளுத்தவா? போய் மெழுகுவத்தி ஏத்துடா, பெரிய எஞ்சினியரு!"

அப்பா பழைய காப்பி டப்பாவைத் திறந்தார். ஒரு ப்யூஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். புள்ளி இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. டப்பா நிறைய இருந்தது, எல்லாம் எரிந்தவை.

"ஸிக்னே!"

அன்னெலி திடுக்கிட்டாள். அம்மாவின் பெயர்.

"எரிஞ்சத மறுபடி டப்பாவுல போடாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? குப்பைக் கூடை காலடியிலதான இருக்கு! கேட்டா, 'ஒடையவே இல்லயே, எப்படித் தூக்கிப் போடறது'ம்பா. பதில் மட்டும் ரெடியா வெச்சிருப்பா!"

குரல் உடைந்தது. அன்னெலி டார்ச்சை அவர் முகத்துக்குக் கொண்டுபோகாமல் டப்பாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

அடியில் ஒன்று கிடைத்தது, சிவப்புப் புள்ளியோடு. அப்பா அதைப் பொருத்தி மூடியைத் திருகினார். மேலே விளக்கு எரிந்தது. யாரோ "அப்பாடா" என்றார்கள். நின்றுபோயிருந்த காப்பி மெஷின் மறுபடி கொதிக்கத் தொடங்கியது.

"அடுப்ப அணைங்கடா மொதல்ல!" என்று மேலே பார்த்துக் கத்தினார் அப்பா.

எரிந்த ப்யூஸ் இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது. அன்னெலி கையை நீட்டினாள்.

"குடுங்கப்பா, குப்பையில போட்டுடறேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டப்பாவில் போட்டு மூடினார்.