சூனியக்காரிக்குக் கொடுத்த முகம்

தமிழ்வாணியின் கதையில் வரும் ராணி நிலாம்பரிக்குச் சந்தன நிறம், பிறை நெற்றி, மீன் போன்ற கண்கள். ராணியின் தங்கைக்கும் சந்தன நிறம், பிறை நெற்றி. கண்கள் மட்டும் மான் போன்றவை. வெண்பாறை நாட்டு அரண்மனையில் விசிறி வீசுகிற பெண்கள்கூட அதே நிறத்தில்தான் இருந்தார்கள். அந்த மாயநாட்டுக் கதையை அவள் கைப்பேசிச் செயலியில் வாரம் ஒரு பகுதியாகப் போட்டுவந்தாள். படிக்கிறவர்கள் ராணிக்குப் பூவும் இதயமும் அனுப்பினார்கள்.

“பேரை எடுத்துட்டா யாரு எவருன்னே தெரியல தமிழு. எல்லாத்தையும் ஒரே அச்சுல ஊத்தி வச்சிருக்க” என்றான் மெர்வின். காளவாசலை ஒட்டிய சந்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன் அவன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட தமிழ்வாணி அங்கே கணினியில் வேலை பார்த்தாள்.

“ராணின்னா அப்பிடித்தாண்ணே இருப்பாக.”

“எந்த ஊர்ல? அந்தச் சூனியக்காரி ஒருத்திதேன் ஆளா இருக்கா. ரோட்டுல எதுக்க வந்தா நான் கண்டுபிடிச்சுருவேன்.”

சூனியக்காரியின் பெயர் முள்ளாயி. கரிய மேனி. வலது காதுமடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். பேசும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் திரும்புவாள். நிற்கும்போது ஒரு குதிகாலை மறுகாலின் மேல் தேய்த்துக்கொண்டே நிற்பாள். முள்ளாயி வருகிற பகுதியில் மட்டும் வாசகர்கள் பயந்தார்கள்.

முள்ளாயிக்காகத் தமிழ்வாணி எதையும் கற்பனை செய்யவில்லை. எல்லாம் சமயநல்லூரில் அவள் வீட்டிலேயே இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அவள்தான் தோட்டைப் பிடித்து இழுத்து அம்மாவின் காதைக் கிழித்தாள். முன்பல் போன நாளிலிருந்து அம்மாவின் புறங்கை வாயை விட்டு இறங்கியதில்லை. பயப்படும்படி ஒருத்தி வேண்டும் என்று உட்கார்ந்தபோது அம்மா எழுத்தில் வந்து நின்றாள். ராணிக்கு என்று உட்கார்ந்தபோது வரவில்லை.

அம்மா பாண்டியம்மாள் களையெடுப்புக்கு ஆள் ஏற்றிப் போன வண்டியிலிருந்து போன வருடம் விழுந்தாள். தலையில் அடி. காயம் ஆறிவிட்டது. வழிதான் மறந்து மறந்து போயிற்று. இருந்தாற்போலிருந்து எழுந்து நடப்பாள். வயற்காட்டிலோ ரயில் பாதை ஓரத்திலோ அப்பா சோலை போய்ப் பிடித்துக் கூட்டிவருவார். இந்த முறை காலையில் போனவள் அங்கே இல்லை. அன்று சாயங்காலம்வரை தேடிவிட்டு இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். போட்டோ கேட்டார்கள்.

அம்மா இருக்கிற எல்லாப் படத்திலும் கை வாயை மறைத்திருந்தது. மறைக்காதது ஒன்றுதான். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது, பின்வரிசையில், கழுத்துக்குக் கீழே முன்னால் நிற்பவரின் தலை. தமிழ்வாணி அப்பாவோடு அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். ஸ்டேஷனுக்கு ஒரு பிரதி, ஊரெல்லாம் கட்ட நாலைந்து ஃபிளெக்ஸ்.

“உக்காரு. இதெல்லாம் ஓசிதேன், ஒண்ணும் பேசாத” என்றான் மெர்வின்.

அவள் உட்கார்ந்தாள். கை தன் வேலையைத் தானே செய்தது. அந்தக் கடையில் எந்த முகம் வந்தாலும் முதலில் வெளுப்பு ஏற்றுவார்கள். சடங்குக்கு நிற்கிற பெண்ணோ, கண்ணீர் அஞ்சலியில் இருக்கிற தாத்தாவோ, ஏற்றாமல் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். அவள் ஏற்றினாள். கன்னத்துக் குழியை நிரவினாள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாததால், செத்துப்போன பாட்டிகளுக்கு வழக்கமாக ஒட்டுகிற பட்டுச்சேலை உடம்பு ஒன்றை எடுத்துத் தலையைப் பொருத்தினாள். நெக்லஸ் அதிலேயே இருந்தது. கிழிந்த காதின் மேல் முடியை இழுத்துவிட்டாள்.

பிறகு எழுத்து. ‘காணவில்லை. பாண்டியம்மாள், வயது சுமார் 45, சிவந்த மாநிறம், வட்ட முகம்.’ கீழே தன் கைப்பேசி எண்.

பின்னால் நின்ற சோலை திரையை வெகுநேரம் பார்த்தார். “உங்காத்தா இம்புட்டுச் செவப்பாவா இருப்பா?”

“ஃபிளெக்ஸ்ல அடிச்சா கொஞ்சம் மங்கிரும்ப்பா.”

“காதப் பத்தி ஒண்ணும் போடலையே தாயி.”

“நாலு பேரு பாக்குறதுப்பா. அதெல்லாம் எதுக்கு?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுஞ் சரிதேன். கட்டுன நாள்லருந்து ஒரு பட்டு எடுத்துக் குடுக்கல. இதுலயாச்சும் கட்டியிருக்கட்டும்.”

சமயநல்லூரில் ஒன்று, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இரண்டு என்று கட்டினார்கள். காளவாசல் சந்திப்பில் மெர்வினே ஏணி போட்டுக் கட்டினான். அதன் பிறகு தமிழ்வாணி கடைக்கு வரவில்லை. அப்பாவோடு கிழக்கே தேடினாள், மேற்கே தேடினாள். அம்மா எப்போதும் வயலைப் பார்த்துத்தான் நடப்பாள் என்பதால் கிணறுகளை எட்டிப் பார்த்தார்கள், வாழைத்தோப்புக்குள் குரல் கொடுத்தார்கள். கைப்பேசி அடித்தது. யார் யாரோ சிவந்த பெண்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவர் கோயில் வாசலில் பட்டுச்சேலையில் ஒரு அம்மாவைப் பார்த்ததாகச் சொன்னார். ஓடிப் போய்ப் பார்த்தால் கல்யாணத்துக்கு வந்தவர்.

தேடும் இடமெல்லாம் தீர்ந்த ஒரு காலையில் அவள் காளவாசலில் இறங்கினாள். சந்திப்பில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் சோணையம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.

“என்னத்தா ஆளையே காணோம்? மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு?”

தமிழ்வாணி மேலே கட்டியிருந்த ஃபிளெக்ஸைக் காட்டினாள். “எங்கம்மாவக் காணோம்க்கா.”

சோணையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “இது உங்காத்தாவா? பெரிய எடத்துப் பொம்பளன்னுல நெனச்சேன்.” கொய்யாவைத் துடைத்து அடுக்கினாள். “இந்தப் போர்டுக்கு அடியிலதேன் ஒரு பொம்பள வந்து உக்காந்துக்கிருச்சு. முந்தாநாளு வரைக்கும் இருந்துச்சு, பாவம். எம்மக கடை இங்குட்டுதேன், எம்மக கடை இங்குட்டுதேன்னு அதையே சொல்லிக்கிட்டு. என்ன கடைன்னா சொல்லத் தெரியல. நாந்தேன் டீ வாங்கிக் குடுத்தேன்.”

“எப்பிடிக்கா இருந்தாக?”

“கறுப்பா, ஒட்டிப்போயி. பேசுனா வாயப் பொத்திக்கிரும். இந்தக் காது பிஞ்சு கெடந்துச்சு.”

தமிழ்வாணி திரும்பிப் போர்டின் அடியைப் பார்த்தாள்.

சோணையம்மாள் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். “அது ஒரு கூத்து. டீயக் குடிச்சுப்புட்டு மேல இந்தப் போர்டையே பாக்குது. இது யாரு ஆத்தா, ராணி கணக்கா இருக்கான்னு எங்கிட்டக் கேக்குது. யாரோ தொலஞ்சு போயிட்டாளாம் ஆத்தான்னேன். ஐயோ பாவம், பெத்த பிள்ளைக தேடுமேன்னுச்சு.”

“அதுக்கப்புறம்?”

“பஸ் ஒண்ணு வந்து நின்னுச்சு, ஏறிப் போயிருச்சு. எந்தப் பஸ்ஸுன்னு நான் எங்க பாத்தேன்? யேவாரம் நடந்துக்கிட்டிருந்துச்சு.” அப்போதுதான் அவள் தமிழ்வாணியின் முகத்தைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “எனக்கு எப்பிடித்தா தெரியும்? ஒரு சாடையாச்சும் இருந்தாத்தானே.”

அந்தச் சந்திப்பிலிருந்து பேருந்துகள் எல்லாத் திசைக்கும் போகும். சோலையும் மெர்வினும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கண்டக்டர்களிடம் கேட்டார்கள். ஒருவருக்கும் நினைவில்லை. கறுத்து மெலிந்த, கசங்கிய சேலை கட்டிய பெண்கள் எல்லாப் பேருந்திலும் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள்.

தமிழ்வாணி கடைக்குப் போய்க் கணினியின் முன் உட்கார்ந்தாள். படத்தைத் திறந்து வெளுப்பை இறக்கிப் பார்த்தாள். கன்னத்தைப் பழையபடி குழியாக்கப் பார்த்தாள். சின்னப் படத்தைப் பெரிதாக்கியதால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது. எவ்வளவு செய்தும் அது அம்மாவாகவில்லை. கடைசியில் படத்தையே எடுத்துவிட்டாள். கைப்பேசியில் கதையைத் திறந்து, முள்ளாயி முதன்முதலில் காட்டிலிருந்து வெளியே வருகிற இடத்தைத் தேடினாள். அங்கிருந்ததை ஒரு சொல் மாற்றாமல் தட்டச்சு செய்தாள். பெயரை மட்டும் மாற்றினாள். கரிய மேனி. வலது காதுமடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். பேசும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டாள்.

மெர்வின் பின்னால் வந்து நின்று படித்தான். ரோட்டில் எதிரே வந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று தான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“படம் இல்லாம இம்புட்டு எழுத்த யாரு தமிழு நின்னு படிப்பா?” என்றான், மெதுவாக.

“அடிங்கண்ணே.”

அடித்தான். பட்டுச்சேலைக்காரியை இறக்கிவிட்டு அதே இடத்தில் கட்டினார்கள். சிக்னலில் நிற்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முகம் எதுவும் இல்லை என்றதும் பார்வையை அடுத்த போர்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கே ஒரு பெண்ணுக்குச் சடங்கு, சந்தன நிறத்தில் குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது.

வெயிலில் எழுத்து வெளிறத் தொடங்கிய பிறகும் தமிழ்வாணி கைப்பேசியை அணைப்பதில்லை. போர்டில் இருப்பது அதன் எண்தான். கதையை அவள் நிறுத்திவிட்டாள். முள்ளாயியைக் காட்டுக்குள் துரத்திக்கொண்டு ராணியின் படை கிளம்பிய இடத்தில் அது நிற்கிறது. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் சோலை பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார்.

“ஆரு தாயி? எதும் தகவலா?”

“இல்லப்பா. கதை படிக்கிறவுக.”

“என்ன கேக்குறாக?”

அவள் திரையைப் பார்த்தாள். செயலியில் எழுதிக் கேட்டிருந்தது ஒரு பெண். அடுத்த பகுதி எப்போது வரும், அந்தக் காது பிய்ந்த கிழவியை எப்போது கொல்வீர்கள் என்று கேட்டிருந்தாள்.

“ஒண்ணுமில்லப்பா, சாப்பிடுங்க” என்றாள் தமிழ்வாணி. மறுபடியும் மணி அடித்தது.