மயக்கம் தெளிகிற நேரம்

எமீமாளுக்கு இரண்டு கண்ணும் மூக்கைப் பார்த்தே திரும்பியிருந்தன. நாலு வயது முடிந்ததும் ஆபரேஷன் செய்யலாம் என்று தாம்பரம் ஆஸ்பத்திரிக் கண் டாக்டர் சொன்னார். முதலில் வலது கண்; பெரிய லீவில் இடது.

அவளுடைய அப்பா ஜெபசீலன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றில் வீடு. தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவார். பிரம்பு எடுக்காத சார் என்று அவருக்குப் பெயர். மற்ற ஆசிரியர்களின் மேஜை மேல் பிரம்பு கிடக்கும். இவர் மேஜையில் சாக்பீஸ் டப்பா மட்டும்தான். வீட்டிலும் கை நீட்டியதில்லை. அதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

முதல் ஆபரேஷன் அன்று பள்ளிக்கூட குமாஸ்தா துளசிங்கம் பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு துணைக்கு வந்திருந்தார். ஜெபசீலனும் மனைவி கிருபாவும் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளுவண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. குழந்தையின் குரல் என்று முதலில் தோன்றவில்லை. அவ்வளவு அலறல்.

இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமுடியெல்லாம் ஈதர் மயக்க மருந்தின் வாடை. ஆயா அஞ்சம்மாள் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நர்ஸ் காலைப் பிடித்திருந்தாள். குழந்தை வில்லாக வளைந்து திமிறியது.

"அழலப்பா. நான் அழலப்பா. கதவைத் தொறப்பா. வாயை மூடிட்டேன்ப்பா, தொறப்பா."

அழுகையில் தொண்டை கிழிய, அழவில்லை அழவில்லை என்று கத்தினாள். வார்டில் மற்றக் கட்டில்களில் படுத்திருந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஜெபசீலன் ஓடிப்போய்க் குனிந்தார். "எமீ, அப்பா இங்கதாம்மா இருக்கேன்."

அந்தக் குரல் கேட்டதும் குழந்தை இன்னும் உரக்க அலறியது. ஒரு கையை உருவிக்கொண்டு கண்கட்டைப் பிடித்து இழுத்தது. துணி நகர்ந்து, கன்னத்தில் ரத்தம் வழிந்தது.

"தள்ளு சார், நீ அப்பால போ," என்றாள் அஞ்சம்மாள். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே, "எந்தக் கதவு சார்? கொயந்தய எங்கனா பூட்டி வெச்சியா?" என்று கேட்டாள்.

"கனவு," என்றார் ஜெபசீலன். "மயக்கத்துல ஏதோ உளறுறா."

துளசிங்கம் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடியும் மூடினார். கிருபா புருஷனைப் பார்க்கவில்லை. குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கனவு இல்லை. வீட்டில் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. அரிசி டின், விறகு, ஒரு பழைய தொட்டில். எமீமாள் பிடிவாதம் பிடித்து அழும்போது ஜெபசீலன் அவளைத் தூக்கி அதற்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார். கோபப்படமாட்டார். "அழுகைய நிறுத்தினாத்தான் கதவு திறக்கும்" என்று நிதானமாகச் சொல்வார். அழுகை நின்றதும் திறப்பார். குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வரும். அடிக்காமலே திருத்த முடிகிறது என்று அவர் நினைத்திருந்தார்.

குழந்தை கண்கட்டை இழுத்ததில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. திரும்ப மயக்கம் கொடுத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தடவை அவர் வார்டுப் பக்கம் போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றார். ஆனாலும் அலறல் அங்கே வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துளசிங்கம் வழக்கம்போலவே "குட் மார்னிங் சார்" என்றார். ஆனால் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் ஜெபசீலனுக்குக் காது சுட்டது. ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவன், "சார்தான் அடிக்கவே மாட்டாரே" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னது காதில் விழுந்தது. போர்டில் அவர் எழுதிக்கொண்டிருந்த கணக்கு தப்பாகப் போயிருந்தது.

சாமான் அறையை அவர் அதன் பிறகு பயன்படுத்தவில்லை. ஆனால் அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. எமீமாள் மட்டும், அவர் தொண்டையைக் கனைத்தால் போதும், சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொள்வாள். முன்பெல்லாம் அதைக் கீழ்ப்படிதல் என்று எண்ணியிருந்தார். இப்போது அந்தக் கையைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார்.

மே மாதம் இடது கண்ணுக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் மயக்கம் கொடுக்கிற டாக்டர் இருவரையும் வரச் சொன்னார். சாவித்ரி என்று பெயர். புதிதாக மாற்றலாகி வந்தவர், நடுத்தர வயது, உரத்துப் பேசாதவர்.

"போன தடவை ரொம்பக் கலாட்டா ஆயிடுச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க," என்றார். "சின்னக் குழந்தைங்க தெளியறப்போ கொஞ்சம் குழம்பும். கண்ணு திறந்திருந்தாலும் யார் எவர்னு தெரியாது. அதோட வலி, இருட்டு எல்லாம் சேர்ந்தா அடக்கவே முடியாது. அப்புறம் நாம பிடிச்சு அமுக்குவோம், அது இன்னும் மிரளும். அப்படி ஆகாம இருக்க முன்னாடியே நிறையச் செய்யலாம். பயந்துக்கிட்டே தூங்கினா பயந்துக்கிட்டேதான் எழுந்திருக்கும். அதான் கேக்கறேன். இவ எதுக்கு ரொம்பப் பயப்படுவா?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றார் ஜெபசீலன். "தைரியமான பிள்ளைதான்."

கிருபா மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். "இருட்டுக்குப் பயப்படுவா," என்றாள். "எங்க வீட்டுச் சாமான் ரூமுக்கு. அழுதா அதுல விட்டுத் தாழ்ப்பாள் போடுவாங்க."

யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்று டாக்டர் ஜெபசீலனிடம் கேட்டார்.

அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரங்களில் அவர் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். பதில் கிருபாதான் சொன்னாள். "சில நாள் சாதம் வடிக்கிற நேரம். சில நாள் அதுக்கு மேல. நான் இந்தப் பக்கம் கதவுல கை வெச்சுட்டே நிப்பேன் டாக்டர். நானும் திறக்கல."

ஜெபசீலன் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியில் வேலையாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

டாக்டர் சாவித்ரி அதற்கு மேல் அதைக் கிளறவில்லை. செய்ய வேண்டியதைச் சொன்னார். இந்தத் தடவை ஆபரேஷன் செய்கிற கண்ணை மட்டும் மூடச் சொல்லிக் கண் டாக்டரிடம் பேசிவிட்டார். மயக்கம் கொடுக்க முகத்தில் வைக்கிற மூடியைக் குழந்தை முந்தின நாளே கையில் எடுத்து விளையாட வேண்டும். காலையில் தூக்கம் வருகிற சிரப் கொடுப்பார்கள். தூங்கும்வரை அம்மா மடியில் இருக்கலாம். தெளிவதற்குள் வலிக்கு மருந்து கொடுத்துவிட வேண்டும். கண் விழிக்கும்போது வெளிச்சமான தனி அறை, பக்கத்தில் அம்மா. கையைக் காலைப் பிடிக்கிற வேலை வேண்டாம். அதுவரை வீட்டில் ஒரு கண்ணைக் கட்டி விளையாட்டுக் காட்டிப் பழக்க வேண்டும்.

"நான் என்ன செய்யணும் டாக்டர்?" என்று ஜெபசீலன் கேட்டார்.

"நீங்க வெளியில இருங்க சார். நல்லாத் தெளிஞ்சப்புறம் கூப்பிடறேன்."

மாத்திரை எத்தனை வேளை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது ஜெபசீலன் கிருபாவிடம் ஏதோ சொல்ல நினைத்தார். பெருங்களத்தூரில் இறங்கி நடக்கையில், "நீ சொன்னது சரிதான்," என்றார். அவள் தலையசைத்தாள்.

மறுநாள் கிருபா ரிப்பனால் எமீமாளின் இடது கண்ணைக் கட்டினாள். குழந்தை சிரித்தது. ஜெபசீலன் ரிப்பனைக் கையில் எடுத்தபோது பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"முதல்ல நீங்க கட்டிக்குங்க," என்றாள் கிருபா.

அவர் துண்டை எடுத்துத் தம் இரண்டு கண்ணையும் இறுக்கக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எமீமாள் கிட்டே வந்தாள். துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் விரலைப் பிடித்து எழுப்பி, எங்கேயோ கூட்டிக்கொண்டு போனாள். காலில் விறகு தட்டியதும்தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. கதவைத் தள்ளினால் போதும். அவர் தள்ளவில்லை.

"அழறியாப்பா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அழுகைய நிறுத்தினாத்தான் கதவு திறக்கும்," என்றாள் எமீமாள். நிதானமாக, கோபமில்லாமல் சொன்னாள். அவருடைய குரலையே சின்னதாக்கி வைத்ததுபோல இருந்தது.

இருட்டில் அரிசியின் வாடையும் புழுக்கமும் இருந்தன. ஜெபசீலன் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கண்ணைக் கட்டியிருந்த துண்டு நனைந்தது. குழந்தை கேட்டுவிடக் கூடாது என்று மூச்சை அடக்கினார். அடக்கியபோதுதான், தம் கை வாயைப் பொத்தியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "போதும்பா, வா," என்றாள். அவள் குரலும் நடுங்கியது. தன் விளையாட்டைத் தாங்க முடியாமல் அவளே திறந்துவிட்டாள். அவர் மண்டியிட்டு, "அப்பா இனிமே உன்னை இதுல விட மாட்டேன்," என்றார். நம்பினாளா என்று தெரியவில்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த வாரம் ஒருநாள் ரிப்பனைக் கொண்டுவந்து தன் கண்ணைக் கட்டும்படி அவரிடம் நீட்டினாள்.

ஆபரேஷன் அன்று டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. எமீமாள் சிரப்பைக் குடித்துவிட்டு, மூடியைத் தன் பொம்மைக்கு வைத்துப் பார்த்து, கிருபாவின் மடியில் தூங்கிப்போனாள். ஜெபசீலன் வராந்தாவின் மறுகோடியில் நின்றார். குழந்தையை அந்தத் தனி அறைக்குள் கொண்டுபோனதைத் தூரத்திலிருந்து பார்த்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சிணுங்கல் கேட்டது. கிருபா ஏதோ பாடுவது கேட்டது. மறுபடி சிணுங்கல், பிறகு இருமல். அவ்வளவுதான்.

அஞ்சம்மாள் வாந்திப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். "தண்ணி கேட்டுச்சு சார். வாந்தி கொஞ்சம். இப்ப தூங்குது." போகப் போனவள் திரும்பி, "உன்ன உள்ள உடலயா?" என்றாள்.

"அப்புறம் கூப்பிடுவாங்க," என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காததே அவருக்குப் பெரிய கருணையாக இருந்தது. அந்தக் கருணைக்கும் தமக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது.

மதியத்துக்கு மேல் டாக்டர் சாவித்ரி கூப்பிட்டனுப்பினார். அறையில் ஜன்னல் திறந்திருந்தது. எமீமாள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், இடது கண்ணில் மட்டும் பஞ்சுக் கட்டு. கிருபாவின் ஆள்காட்டி விரலை மூடிப் பிடித்திருந்தாள்.

"காலையிலேருந்து அவங்க ஒண்ணும் சாப்பிடல," என்றார் டாக்டர். "நீங்க கொஞ்ச நேரம் உட்காருங்க சார்."

கிருபா மெல்ல விரலை உருவினாள். குழந்தையின் கை காற்றில் தேடியது. ஜெபசீலன் தம் விரலை அதற்குள் வைத்தார். கை மூடிக்கொண்டது. அம்மா என்று நினைத்துப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் திருடி வைத்திருப்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் கரகரப்பு வந்தபோதும் கனைக்கவில்லை, விழுங்கிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து எமீமாள் வலது கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த விரலைப் பார்த்தாள். மெதுவாக அதை விட்டாள்.

"அம்மா எங்க?"

"கஞ்சி குடிக்கப் போயிருக்காங்க. கூப்பிடட்டுமா?"

யோசித்தாள். உதடு கொஞ்சம் பிதுங்கியது. அவர் எழுந்திருக்கப் போனார்.

"குடிச்சிட்டு வரட்டும்," என்றாள் எமீமாள்.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.