அடகு வைத்த சைக்கிள் சீட்

பெய்ரூசாக் ஊர்ச் சாத்தானைப் பார்க்க விலை இரண்டு யூரோ. எண்ணூறு வருடத்துச் சாத்தான் அது. குன்றின் மேலிருக்கும் சிற்றாலயத்தின் சுவரில் அதிதூதர் மிக்கேல் தராசைப் பிடித்து ஆன்மாக்களை எடை போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்கும் இவன், யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், ஒரு தட்டை ஒற்றை விரலால் மெல்ல அமுக்கிக்கொண்டிருப்பான். பாரிஸிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இந்த ஓவியத்துக்கு விலையே சொல்ல முடியாது என்று நெகிழ்ந்துவிட்டுப் போனார். காப்பிக்கடை சோலாஞ்ஜ் அதற்கு வெகுநாள் முன்பே விலை போட்டிருந்தாள்: ஒரு காப்பி.

சிற்றாலயத்தின் சாவி அவள் கடைச் சுவரில்தான் தொங்கும். சாவிக்கென்று அவள் காசு வாங்கியதில்லை. ஆண்டவர் வீட்டுச் சாவிக்குக் காசு வாங்குவது பாவம். ஆனால் காப்பி குடிக்காதவர் கைக்கு அந்தச் சாவி போனதுமில்லை. கூடவே ஒரு அடகும் உண்டு. முன்பொரு டச்சுக்காரர் சாவியைச் சட்டைப் பையில் மறந்து ஸ்பெயின் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய்விட்டார். அது தபாலில் திரும்பி வரும்வரை சாத்தான் இருட்டில் கிடந்தான். அதற்குப் பிறகு சைக்கிளில் வருகிறவர்கள் சீட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் குன்றேற வேண்டும்.

"சீட்டு இல்லாம எவ்வளவு தூரம் போவீங்கன்னு நானும் பாக்கறேன்," என்பாள்.

இந்த வசந்தத்தில் அப்படிக் கழற்ற வந்தவர்கள் குறைவு. சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஆற்றோரமாகக் கொம்பெல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே மேடு கிடையாது. "ரோமர் பாலம்" என்று ஒரு பாலமும் இருந்தது. போன வருடம் பெய்ரூசாக்கில் ரொட்டிக்கடை மூடியாயிற்று. அடுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும். சோலாஞ்ஜ் தன் கணவன் ஒக்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: மாவட்டம் புதிதாகப் போடும் சைக்கிள் வழித்தடத்தின் பச்சை அம்புக்குறி, கீழே கூட்டுரோட்டில் நம் பக்கம் திரும்பினால் கடை உண்டு. கொம்பெல் பக்கம் திரும்பினால் அக்டோபரில் கடையை மூடிவிட்டு லிமோஜ் நகரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவது. ஐந்தாவது மாடி. பேச்சுத் துணைக்கு ஒரு லிஃப்ட்.

அம்பு எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய அந்த வாரம் ஒரு அதிகாரி வருவதாகத் தகவல். மேயர் தெல்பெஷ் கழுத்து இறுகும் கோட்டை மாட்டிக்கொண்டு, அரசாங்கக் கார் வரும் என்று அலுவலக வாசலில் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சிவப்புக் காலுறை, புழுதி, ஏறி வந்ததில் முகமும் காலுறையின் நிறம்.

"சாவி உங்ககிட்ட இருக்காமே, மதாம்?"

"என்கிட்டதான். முதல்ல காப்பி."

"திரும்பி வந்து குடிக்கறேனே. இப்பவே மணி ஆயிடுச்சு."

சோலாஞ்ஜ் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். பேரம் பேசும் மாதமல்ல. கவுண்டருக்குப் பின்னால் தொங்கும் கரும்பலகையில், "சிவப்புக் காலுறை, காப்பி ஒன்று, பாக்கி" என்று சாக்கட்டியால் எழுதிவிட்டு, சீட்டை வாங்கிக் கவுண்டருக்கு அடியில் வைத்து, சாவியைக் கொடுத்தாள்.

"பன்னெண்டுக்குள்ள வந்துடுங்க முசியே. பன்னெண்டுக்கு ஷட்டர் இறங்கும். ரெண்டு மணிக்குத்தான் ஏறும்."

"வந்துடறேன்," என்றார் அவர். சாத்தானைப் பார்க்கப் போகிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தது. சோலாஞ்ஜ் ஷட்டரை இறக்கினாள். அந்த ஊரில் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர் ஏறிய வரலாறு கிடையாது. முன்பொரு தடவை பூசைக்கு வந்த ஆயர் தாகத்தோடு வெளியே நின்றிருக்கிறார். அவரையும் கிணற்றுப் பக்கம்தான் காட்டினாள்.

வாத்து வறுவலை மேஜையில் வைத்தபோது கடைப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரோ தட்டறாங்க," என்றான் ஒக்தாவ்.

"தட்டட்டும். கை வலிச்சா நிறுத்துவாங்க."

"அந்த சீட்டுக்காரனா இருக்கும்."

"அவர்தான். ரெண்டு மணிக்கு சீட்டு கிடைக்கும். நீ சாப்பிடு."

அப்போது சமையலறையின் பின்கதவு படாரென்று திறந்தது. மேயர். கழுத்தில் சாப்பாட்டுத் துணி கட்டியபடியே ஓடி வந்திருந்தார். அதில் குழம்புக் கறை. சாப்பாட்டின் நடுவே தெல்பெஷ் எழுந்து சோலாஞ்ஜ் பார்த்ததே இல்லை. அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தபோது ரொட்டியை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"சோலாஞ்ஜ்! உன் கடை வாசல்ல நிக்கறது யாருன்னு தெரியுமாடி?"

"காப்பி பாக்கி வெச்சவர்."

"அந்த சைக்கிள்ல பச்சை வில்லை தொங்குது, பாத்தியா? வழித்தடக் குழு! அவர்தான் அதிகாரி! ஷட்டரைத் தூக்கு!"

சோலாஞ்ஜின் கையில் கரண்டி நின்றது. ஐந்தாவது மாடி கண்ணில் வந்து போனது. லிஃப்டும்.

"தூக்க மாட்டேன்," என்றாள். ஆனால் எழுந்துவிட்டாள். "இன்னிக்கு இவருக்குத் தூக்கினா நாளைக்கு ஊரே தட்டும். அவரைச் சந்து வழியா சமையல் கட்டுக்குக் கூட்டிட்டு வா."

சொன்ன பிறகுதான் அதன் செலவு உறைத்தது. ஷட்டர் வழியாக வருகிறவர் வாடிக்கையாளர். பின்கதவு வழியாக வருகிறவர் விருந்தாளி. விருந்தாளியிடம் காசு வாங்க முடியாது. கடை திறந்த நாளிலிருந்து ஓசியில் ஓர் ஆலிவ் காய்கூடக் கொடுக்காத கை அவளுடையது. அந்தக் கையால் மூன்றாவது தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பெரிய தட்டைத்தான். சின்னத் தட்டு வைத்தால் பரிமாறும்போது நிரம்பியதுபோல் தெரியும் என்பது கடைக்காரத் தந்திரம். இன்று அதையும் விட்டாள்.

அவர் பெயர் மார்சாக். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, வாத்தின் வாசனையை இரண்டு முறை உள்ளே இழுத்து, பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும் மதாம். வழித்தடத்து ஊர்கள்ல நான் ஒரு தக்காளிகூட சும்மா வாங்கக் கூடாது. காசு குடுத்துதான் சாப்பிடுவேன்."

"என் சாப்பாட்டு மேஜையில காசா? ஒக்தாவ், கேட்டியா?"

"கேட்டேன்," என்றான் ஒக்தாவ், வாய் நிறைய.

"முதல்ல சாப்பிடுங்க முசியே. அத அப்புறம் பேசிக்கலாம். ஆறிப்போன வாத்துக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது."

பசி சட்டத்தை வென்றது. சாப்பிட்டுக்கொண்டே அவர் உள்ளதைச் சொன்னார். "ஒளிக்காம சொல்றேன். கொம்பெல்லுக்குத்தான் எழுதறதா இருந்தேன். சமதளம். ரோமர் பாலம் வேற."

"ரோமரா!" மேயர் துள்ளினார். "அதைக் கட்டின மேஸ்திரியோட பேரன்தான் எங்க வீட்டுக்கு ஓடு போட்டான். இன்னும் ஒழுகுது."

"ஏத்தம்தான் பிரச்சினை. ஏறறதுக்குள்ள நாக்கு தள்ளுது."

"ஏத்தம் இருந்தா இறக்கமும் இருக்கு," என்றாள் சோலாஞ்ஜ், இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை அவர் தட்டில் தள்ளியபடி. "அதுக்கு நான் தனியா காசு வாங்கறதில்ல."

மார்சாக் அந்தக் கரண்டியைப் பார்த்தார். "விரல், மதாம்."

"என்ன விரல்?"

"மேல சுவத்துல ஒருத்தன் தட்டை அமுக்கறானே, அதே விரல். அவனைப் பாத்துட்டு நின்னதுலதான் மணியே போனது தெரியல."

சோலாஞ்ஜ் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வெட்கப்படவுமில்லை. "அவனும் பாவம் முசியே, வியாபாரி. எண்ணூறு வருஷமா அமுக்கறான், இன்னும் ஒரு ஆன்மாகூட அவன் பக்கம் சாயல. நான் ஒரு அம்புதான் கேக்கறேன்."

அவர் சிரித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "அமுக்கறதால மட்டும் ஆகாது. வழித்தடத்துக்கு ஒரு விதி இருக்கு. நிறுத்தம்னு போட்டா, அங்க மதியத்துல சாப்பாடு கிடைக்கணும். ஆறு நாளா மிதிக்கறேன். எல்லா ஊர்லயும் பன்னெண்டுக்கு ஷட்டர். மரத்தடியில உக்காந்து பிஸ்கட்டுதான். கொம்பெல்லும் அதே கதைதான். நீங்க மதியத்துல திறப்பேன்னு சொல்லுங்க, அம்பை இந்தப் பக்கம் திருப்பறேன்."

மேயர் அவளைக் கெஞ்சலாகப் பார்த்தார். ஒக்தாவ்கூட மெல்வதை நிறுத்தினான். மதியத்தில் திறப்பதென்றால் ஒக்தாவ் தனியாகச் சாப்பிட வேண்டும், அவள் நின்றுகொண்டே விழுங்க வேண்டும். திறக்காவிட்டால் லிமோஜ்.

சோலாஞ்ஜ் பாலாடைக்கட்டியை வெட்டினாள். வெட்ட வெட்ட முகத்தில் சந்தைக்காரி வந்தாள்.

"ஷட்டர் ஏறாது," என்றாள். "ஆனா சீட்டை அடகு வெச்சவங்க பின்கதவால வரலாம். விருந்தாளியா. இதே மேஜை, நாங்க என்ன சாப்பிடறோமோ அது."

"காசு?"

"விருந்தாளிகிட்ட காசு வாங்கற குடும்பம் இல்ல இது."

"அப்புறம் எப்படி மதாம் உங்களுக்குக் கட்டுப்படி ஆகும்?"

"ரெண்டு மணிக்கு ஷட்டர் ஏறும். கடைக்கு வந்து ஒரு காப்பி குடிச்சாத்தான் சீட்டு திரும்பக் கிடைக்கும்."

"அந்தக் காப்பி எவ்வளவு?"

"பதினாலு யூரோ."

"கதவு மேல ரெண்டு யூரோன்னு போட்டிருக்கே!"

"அது வெறும் வயித்துக் காப்பி, முசியே. சாப்பிட்ட வயித்துக் காப்பி வேற."

மேயர் சாப்பாட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. மார்சாக் சிறிது நேரம் உத்தரத்தைப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மனத்தில் புரட்டுவது தெரிந்தது. காப்பிக்கு விலை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை போலும்.

"பன்னெண்டு," என்றார்.

"பதிமூணு. பிளம்ஸ் பணியாரமும் சேத்து."

"சரி, பதிமூணு."

இரண்டு அடித்ததும் ஷட்டர் ஏறியது. மார்சாக் சமையலறைப் பின்கதவால் வெளியே போய், கடையின் முன்வாசலால் முறைப்படி உள்ளே வந்து, சாப்பிட்ட வயிற்றுக் காப்பி ஒன்று குடித்து, பதிமூன்று யூரோ வைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டார். சட்டம் சுத்தம். பிறகு இன்னும் இரண்டு யூரோவை நீட்டினார்.

"காலைல உள்ள சாவிக் காப்பி."

"அதை நீங்க குடிக்கவே இல்லையே," என்றாள் சோலாஞ்ஜ், சீட்டை எடுத்துக் கொடுத்தபடி. "குடிக்காத காப்பிக்கு நான் காசு வாங்கறதில்ல. அம்புப் பலகை மாட்ட வரும்போது குடிங்க."

பாக்கி வைத்தவன் திரும்பி வருவான். பாக்கி தீர்த்தவன் வராமலும் போகலாம். இதை அவள் சொல்லவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும், நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி இறக்கத்தில் மிதிக்காமலே போனார்.

ஜூன் முதல் வாரம் கூட்டுரோட்டில் பச்சை அம்பு ஏறியது. மேட்டைப் பார்த்து நிற்கிறது. ஆணி அடித்தவர்கள் மாவட்டத்து ஆட்கள். மார்சாக் வரவில்லை, வேறு ஆற்றங்கரையில் மிதித்துக்கொண்டிருக்கிறாராம். அன்று மதியம் சமையலறை மேஜையில் ஏழு தட்டு. ஒக்தாவுக்கு முழங்கை மடக்க இடமில்லை. லிமோஜ் மகளிடம், அறையை வாடகைக்கு விட்டுக்கொள் என்று போனில் சொல்லியாயிற்று.

மாலையில் சோலாஞ்ஜ் ஒற்றை விரலை ஈரமாக்கி, கரும்பலகையில் சிவப்புக் காலுறை வரிக்கு மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு, புதிதாக இரண்டு வரி எழுதினாள். இப்போது அதில் இருப்பது இவ்வளவுதான்:

அம்பு ஒன்று. வரவு.
சாப்பிட்ட வயிற்றுக் காப்பி ஒன்று. வரவு.
சிவப்புக் காலுறை, காப்பி ஒன்று, பாக்கி.