பரிமாறும் பக்கம்

நகரம் விழுந்த அன்று, ஓட்டலுக்குள் நுழைந்த வீரர்களிடம் பூட்ஸைத் துடைத்துவிட்டு வரும்படி வாயில்காப்போன் மரியாதையாகச் சொன்னான். அவர்கள் அவன் வயிற்றில் சுட்டுவிட்டு, அவன் மேல்கோட்டிலேயே பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, கம்பளம் சிவப்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

தோற்ற படையின் வீரர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு ஊருக்குள் ஒளிந்திருந்தார்கள். அகப்பட்டவனுக்கும் அடைக்கலம் கொடுத்தவனுக்கும் ஒரே தண்டனைதான் என்று தெருவெல்லாம் ஒலிபெருக்கி கத்தியது. அப்படி ஒளிந்தவர்களில் ஒருவன் மேனேஜரின் தங்கை கணவன். கரி இறக்கும் கதவு வழியாக முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தான். தங்கை அந்த ஓட்டலில்தான் சலவைத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவரை உன் ஆளுன்னு மட்டும் சொல்லிடு. அது போதும்."

"என் ஆளுன்னு சொல்லணும்னா என் ஆள் மாதிரி நடக்கணும்மா," என்றார் மேனேஜர்.

செத்துப்போன பரிமாறுபவன் ஒருவனின் வெள்ளைக் கோட்டை மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டு, சலவை அறையிலேயே காலித் தட்டை வைத்துப் பயிற்சி கொடுத்தார். உணவை இடப்பக்கமிருந்து பரிமாற வேண்டும், எச்சில் தட்டை வலப்பக்கமிருந்து எடுக்க வேண்டும். உயிர் தப்புவதெப்படி என்று அவர் சொல்லித்தரவில்லை. அது அவர் துறையல்ல.

மதியம், கண்ணாடி இல்லாத ஜன்னலோரம் தளபதி சாப்பிட உட்கார்ந்தார். முற்றத்தில் ஆட்களைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் கரண்டிகள் மேசையில் குதித்தன. தளபதியின் துப்பாக்கி அவர் இடக்கைப் பக்கம் கிடந்தது. அதைக் கண்ட மாப்பிள்ளையின் கால்கள் தாமாகவே வலப்பக்கம் போயின. தளபதி அந்த நேரம் பார்த்துத் திரும்ப, சூப் அவர் மடியில் கொட்டியது.

தளபதிக்குக் கோபமே வரவில்லை. சிரித்தார். "பெரிய ஓட்டல்னாங்க. ரயில்வே கேன்டீன்ல இதைவிட நல்லா ஊத்துவாங்க போலிருக்கே."

சிரித்துவிட்டுப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் மேனேஜருக்கு ரயில்வே கேன்டீன் நெஞ்சில் தைத்துவிட்டது.

"மன்னிக்கணும் சார். இவன் எங்க ஆளே இல்ல. எங்க ஆளுங்க வலப்பக்கமா வந்து பரிமாறவே மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. அதற்குள் ஒரு அதிகாரி மாப்பிள்ளையின் கோட்டைக் கிழித்து, சுடும்போது துப்பாக்கிக் கட்டை இடித்து இடித்துக் கன்றிப்போன தோளைத் தளபதிக்குக் காட்டினான். தளபதி நாப்கினால் மடியைத் துடைத்தபடியே தலையசைத்தார். மேசையருகிலேயே சுட்டார்கள். மாப்பிள்ளை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தான். பீங்கான் பாத்திரங்கள் அவன் மேல் சரிந்து நொறுங்கின.

"இவனுக்குக் கோட்டு குடுத்தது யாரு?" என்றார் தளபதி.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவருகே சலவைத் துணிக் கட்டோடு நின்றிருந்த தங்கை முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணன்தான். இங்க அவர் சொல்லாம ஒரு கரண்டி அசையாது."

அப்படி ஒரு பாராட்டை அவர் வாழ்நாளில் அவளிடமிருந்து கேட்டதில்லை.

அவரை முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். சுவரோரம் நின்றவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். குறித்துக்கொள்ள வந்த சிப்பாய் பெயர் கேட்டான். மேனேஜர் தொண்டையைச் செருமி, பதவியிலிருந்து ஆரம்பித்தார். அது கொஞ்சம் நீளமானது. முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை.