பாதித் தட்டு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு லிப்டுக்குள் மாட்டிக்கொண்டபோது சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். தகட்டில் இருந்த துளைகள் வழியாக ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரிந்த அவர் அவ்வளவுதான். ஆள் அனுப்பியிருக்கிறோம், நேரமாகும், பயப்படாமல் தரையில் உட்காருங்கள் என்றார். தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு, சாப்பிட்டாயிற்றா என்றார். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, உடம்பைக் குறைக்கிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.  

"மேடம், பையில ஏதாவது இருந்தா மொதல்ல அதைச் சாப்பிடுங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க," என்றார்.

மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சில் வைத்திருப்பது அவர் வேலை. மழை, போக்குவரத்து, பிள்ளைகளின் படிப்பு என்று எதையாவது பேசுவாராம். அன்றைக்கு என்னவோ தன் கதையையே எடுத்தார். அவர் முடிப்பதற்குள் லிப்ட் கிளம்பிவிட்டது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு கிடையாது. முடிவில்லாத கதை பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: மலை போன்ற தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறி

(இல்லை. பார்க்காத ஆளுக்கு மலையை எங்கிருந்து கொண்டுவந்தேன்? பருமன் என்றதும் பேனா தானாக மலைக்கும் யானைக்கும் ஓடுகிறது. அடித்துவிட்டேன், ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. ஒரு வரி கெட்டால் முழுத் தாளையும் கசக்கி எறிகிற ஆள் நான். இந்தக் கதையில் அப்படிச் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.)

இரண்டாம் தொடக்கம். அந்தக் குரலுக்குரியவர் முன்பு லிப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். அந்தக் கம்பெனியில் அவரைவிடக் கைராசிக்காரர் கிடையாது என்பார்கள். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் வயிற்றின் சத்தம் மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. சாப்பாடு என்றால் அவருக்கு இரண்டே நிலைதான், முழுப் பட்டினி, இல்லாவிட்டால் முழு வெறி. வேகவைத்த காயும் வெறுங்காப்பியுமாக வாரக்கணக்கில் ஓட்டுவார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவரிடம் வாயைக் கொடுக்க முடியாது. எங்கோ ஒரு வாடிக்கையாளர் உபசாரத்துக்கு நீட்டிய ஒரு பிஸ்கட்டை வாங்கிக் கடித்துவிட்டால் போதும், இன்றைய நாள் கெட்டுப்போயிற்று என்று ஆகிவிடும். கெட்டது கெட்டுவிட்டது, இனி எவ்வளவு கெட்டால் என்ன? வண்டியை ஏதாவது சந்தில் நிறுத்திவிட்டு, வாங்கிவந்ததையெல்லாம் ருசி தெரியாமல் தின்பார். உறைகளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணிப்பார். மறுநாள் காலை பழையபடி பட்டினி.

3

விழுந்த கதையைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவரும் அவருடைய கூட்டாளியும். கூட்டாளி வயதில் இளையவன். அவரை அண்ணே என்பான், இவர் அவனைத் தம்பி என்பார். பல வருடங்களாக ஒரே வண்டி, ஒரே கருவிப்பெட்டி. அன்றைக்கு மெக்கானிக் பட்டினியின் உச்சத்தில் இருந்தார். பாதுகாப்பு வாரை இடுப்பில் கட்டியவர், அதன் கொக்கியைக் கம்பியில் மாட்ட மறந்துபோனார். கண் இருட்டியது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளிப் பக்கம் சாய்ந்தார். தம்பி ஒரு கையால் நிறுத்துப் பொத்தானை அடித்து, மறு கையால் வாரை எட்டிப் பிடித்தான். பிடித்ததை விடவில்லை. அவருடைய முழு உடம்பும் அந்த ஒற்றைத் தோளில் தொங்கியது.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தம்பியின் தோள் கிழிந்துபோயிற்று. அறுவை சிகிச்சை செய்தும் வலது கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. வேலை போயிற்று. இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, தடுப்புக் கம்பியை ஏற்றி இறக்கும் பொத்தானை அமுக்குகிறான். மெக்கானிக்கைக் கம்பெனி தொலைபேசி மேசைக்கு மாற்றியது; என்னோடு பேசியது அந்த மேசையிலிருந்துதான்.

என் எடைதான் அவன் கையை முறித்தது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். அப்படி முடிவு கட்டிய மனிதர் என்ன செய்வார்? இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தார்.

4

(இந்த இடத்தில் மனைவி வர வேண்டும். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அவரைப் பற்றி மெக்கானிக் அதிகம் சொல்லவில்லை. அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற மனைவியாக ஒரு பக்கம் எழுதினேன். நம்பும்படி இல்லை. எதைக் கேட்டாலும் சண்டையில் முடிகிற வீட்டில் ஆள் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திக்கொள்வதுதான் நடக்கும். அந்த மனைவியும் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை, உணவு ஆலோசகர் ஒருவரின் முகவரியைக் கணவரின் காலணிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.)

ஆலோசகர் இளவயதுப் பெண். தராசும் வைத்திருக்கவில்லை, அட்டவணையும் கொடுக்கவில்லை. பசித்தால் சாப்பிடுங்கள், போதும் என்று தோன்றினால் நிறுத்துங்கள், எந்தப் பண்டத்துக்கும் தடை இல்லை என்றார். இவ்வளவு லேசான காரியமா என்று மெக்கானிக்குக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மறுநாளே அதைச் சட்டமாக்கினார். வாய்க்கு வாய் கரண்டியை நிறுத்திக் கண்ணை மூடி வயிற்றை விசாரித்தார். அண்ணன் தியானத்தில் இருக்கிறார் என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள், வேலையை விட்டுப் போகிற ஒருவர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். மெக்கானிக்குக்குப் பசி இல்லை. இருந்தும் ஒரு துண்டு சாப்பிட்டார். நன்றாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவருக்கு அது அவ்வளவில் நிற்கவில்லை. பசிக்காமல் தின்றாயிற்று, இதிலும் தோற்றாயிற்று. மிச்சமிருந்த கேக்கைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, யாரும் ஏறாத பின்படிக்கட்டில் உட்கார்ந்து முடித்தார்.

ஆலோசகரிடம் போய் நடந்ததை ஒப்பித்துவிட்டு, நான் பெயில் என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல சார். ஒரு துண்டு கேக் சாப்பிட்டீங்க. அதோட அது முடிஞ்சுபோச்சு. மிச்சத்தைத் தின்னது கேக்குக்காக இல்ல, உங்களுக்கு நீங்க குடுத்த தண்டனை."

"பாஸ் இல்லாத பரீட்சைய எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பையில் இருந்த ரொட்டியில் பாதி அப்போது என் வாயில் இருந்தது. இனி மீதியைத் தின்றால் என்ன, விட்டால் என்ன என்று அதே கணக்கைத்தான் நானும் போட்டுக்கொண்டிருந்தேன்.

5

விபத்துக்குப் பிறகு அவர் தம்பியைப் போய்ப் பார்க்கவே இல்லை. முழுசாக மாறியபிறகுதான் அவன் முகத்தில் விழிப்பது என்று வைத்திருந்தார். அதிலும் முழுசுதான். கடைசியில் தம்பியே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள் என்றான்.

சின்ன வீடு. சுவரோரம் மேசை. தம்பி இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். இன்னும் பழகவில்லை, சோறு பாதி வழியில் சிந்தியது. அவன் மனைவி அதைப் பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் தட்டில் சோறும் மீனும் நிறைய இருந்தன. தட்டில் பாதி ஆனதும் அவருக்குப் போதும் என்றிருந்தது. அது பசி தீர்ந்ததா, துக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நிறுத்தினால் மனம் புண்படும், நிறுத்தாவிட்டால் சட்டம் கெடும். கரண்டி அப்படியே நின்றது.

தம்பி கவனித்தான். "எதுக்குண்ணே இன்னும் எடை போட்டுக்கிட்டே இருக்கீங்க?"

மெக்கானிக் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். "நான் இவ்வளவு கனமா இல்லாம இருந்திருந்தா உன் கை நல்லாருந்திருக்கும்டா."

தம்பி கரண்டியை வைத்தான். அவன் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை.

"கனமா இருந்ததால விழலண்ணே. சாப்பிடாம வந்ததால விழுந்தீங்க. உங்க கனம் எனக்கு முன்னாடியே தெரியும், எத்தனை தடவை கை குடுத்து மேல தூக்கியிருக்கேன்? கொக்கி மாட்டாம நான் ஒருநாளும் உங்களைப் பாத்ததில்ல. அன்னைக்குத்தான் பாத்தேன்."

 வெளியே யாரோ வண்டியைக் கழுவும் சத்தம். மெக்கானிக் பாதித் தட்டை அப்படியே விட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை என்றார் என்னிடம். கேட்டிருந்தால் அவனுடைய கையைப் பற்றிய பேச்சு மறுபடியும் தன்னைப் பற்றிய பேச்சாகியிருக்கும் என்றார். கை கழுவிவிட்டு, அவனுக்கு ஒரு ஆப்பிளை உரித்து நறுக்கிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். மன்னித்துவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான் தெரியும்.

6

வீடு திரும்பும் வழியில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து, ஒரு பெட்டி நிறைய வாங்கி, பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் தின்றார். இதை அவர் ஒளிக்கவில்லை. நான்தான் ஒளித்துப் பார்த்தேன். இந்தப் பத்தி இல்லாமல் ஒரு வரைவு எழுதினேன். அதில் அவர் பாதித் தட்டோடு குணமாகிவிடுகிறார். அழகாக இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்த வரைவில் பெட்டியோடு எல்லாம் முடிந்துபோகிறது. மறுநாள் பட்டினி, அதற்கு அடுத்த நாள் பட்டினி, பிறகு ஒரு மருத்துவமனை வாசல். இதுவும் சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததால்தான் சந்தேகப்பட்டேன். ஒன்று தேறுவது, இல்லாவிட்டால் அழிவது; கதைக்கும் இந்த இரண்டு கதவுதான் தெரியும்போல. அதையும்

(அடிக்கவில்லை. விட்டுவைத்திருக்கிறேன். நடந்திருக்கவும் கூடும்.)

அவர் கடைசியாகச் சொன்னது மறுநாள் காலையைப் பற்றி. "அன்னைக்குக் காலையில எனக்குப் பசிச்சுது மேடம்," என்றார். வழக்கமாகப் பெட்டி காலியான மறுநாள் அவர் பசியைக் கேட்பதே இல்லை. அன்றைக்குக் கேட்டது. அடுக்களை வாசலில் போய் நின்றாராம். மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுப்பில் தண்ணீர் வைத்து, ஒரு முட்டையைப் போட்டிருந்தார். அவர் வந்து நிற்பதைப் பார்த்ததும் இரண்டாவது முட்டையைக் கையில் எடுத்தார். வேண்டுமா என்று கேட்கவில்லை. போடவும் இல்லை.

அந்த இடத்தில் லிப்ட் கிளம்பிவிட்டது, அதற்குமேல் எனக்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்கிறது, அந்தப் பெண்ணுக்கு நேரமாகிறது. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள். உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, அவர் மனைவிக்குக் கேட்டால் போதும்.