இன்ஷிராஹ், இன்னாரின் மகள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கி இரண்டாம் முறை சொல்லி முடிப்பதற்குள் நஜ்லா ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே இறந்துபோன அம்மாவின் மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முறை அவளுடையது. செம்பை அண்ணன் மனைவி ரஜாவின் கையில் திணித்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“ஹாஜி மிஸ்பாஹ் அவர்களின் மனைவியும், ஷாகிர், ஃபத்ஹி ஆகியோரின் தாயாருமானவர் இறைவனடி சேர்ந்தார். லுஹர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்.”

அவ்வளவுதான். எழுபத்தெட்டு வருஷம் புருல்லுஸ் ஏரிக்கரையில் நாணல் அறுத்து, மீன் கழுவி, மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குப் பெயர் இல்லை. மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதும் இல்லை. போகட்டும், மகளை விட்டுத்தள்ளலாம். செத்தது யார் என்றாவது சொல்ல வேண்டாமா? சந்தையில் கழுதை காணாமல் போனால்கூட நிறத்தையும் காது வெட்டையும் சொல்லித்தான் இதே ஒலிபெருக்கியில் தேடுகிறார்கள்.

பந்தல் போடுகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்த ஷாகிரை அவள் சுவரோரம் இழுத்தாள்.

“அண்ணே, அம்மா பேரைச் சொல்லச் சொல்லு.”

“என்னது?”

“இன்ஷிராஹ். அதான் அவங்க பேரு. மூணாவது தடவை சொல்றப்போ பேரோட சொல்லச் சொல்லு.”

ஷாகிர் சுற்றும்முற்றும் பார்த்தான். அவள் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல அவன் கழுத்து சிவந்தது. “மெதுவாப் பேசு. ஊரு பூரா எங்கம்மா பேரை மைக்குல கூவச் சொல்றியா? நாளைக்கு டீக்கடையில பயலுக வாயில பொரளணுமா?”

“பேருல என்ன அசிங்கம் இருக்கு? குர்ஆன்ல ஒரு சூராவோட பேரு.”

“நீ குடியிருக்கற அலெக்ஸாந்திரியாவுல வச்சுக்க உன் சட்டமெல்லாம். இங்க இதான் மரியாதை.”

“மரியாதையாம்! உயிரோட இருந்தப்பவும் ‘ஏய் ஷாகிர் அம்மா’, செத்த பிறகும் ‘ஷாகிர் அம்மா’. நல்லா இருக்கு உங்க மரியாதை.”

 ஷாகிர் குரலைத் தாழ்த்தி, குத்த வேண்டிய இடம் தெரிந்து குத்தினான். “நீ புஸ்தகம் போட்டியே, ஏரியைப் பத்தி. அறுபது பறவை பேரு போட்டிருந்த. முதல் பக்கத்துல என்ன போட்ட?”

‘என் தாய்க்கு’ என்று மட்டும் போட்டிருந்தாள்.

நஜ்லாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.  அவன் சொன்னது உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்காயிற்று. அதையும் சேர்த்து அண்ணன் கணக்கிலேயே எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

தொழுகை முடிந்ததும் ஆண்கள் சந்தாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். அந்த ஊரில் அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஒரு மாசம் அம்மாவின் பீயை மூத்திரத்தை அள்ளியவள் ரஜா. கடைசி மூன்று நாளும் உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்தவள் நஜ்லா. இருவரும் வாசல்படிக்கு இந்தப் பக்கம். ரம்ஜானுக்கு ரம்ஜான் வந்து கையை முத்தமிட்டுப் போன ஃபத்ஹி குழிக்குள் இறங்கப் போகிறான்.

கூடத்தில் கறுப்பு உடுத்திய பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ரஜா சர்க்கரையில்லாத காபியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நஜ்லாவுக்கு அவளை என்றைக்குமே பெரிதாகப் பிடித்ததில்லை. புத்தகம் என்றால் அவளுக்கு அடுப்பு பற்றவைக்கிற காகிதம். ஒருமுறை நஜ்லாவின் குறிப்பேட்டில் வாத்து முட்டைக் கணக்கு எழுதி வைத்திருந்தாள்.

குறிப்பேடுகள் இப்போது நான்காகிவிட்டன. அடுத்த புத்தகம் குடும்பத்தைப் பற்றியது. தாய்வழிப் பாட்டி அக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கிய கதை, நீர்க்காக்கைகள் தாழப் பறப்பதை வைத்து அவள் காற்று வரும் நேரம் சொன்னது, மோவாயில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் எல்லாம் அதில் உண்டு. குடும்பத்தின் ஞாபகத்துக்கு நான்தான் காவல் என்ற நினைப்பு அவளுக்கு இருந்தது. இந்த வீட்டில் வேறு யாருக்கு என்ன தெரியும்?

கைப்பேசி அடித்தது. ஷாகிர்.

“நஜ்லா, ஒண்ணு சொல்லு. பாட்டி பேரு என்ன?”

“எந்தப் பாட்டி?”

“அம்மாவோட அம்மா. மண்ணு போட்டாச்சு. ஷேக் குழிமேட்டுல நின்னு அம்மாவைக் கூப்பிட்டுத் தல்கீன் ஓதணும். ‘இன்னார் மகளே’ன்னு தாய் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணுமாம். எனக்குத் தெரியல, ஃபத்ஹிக்கும் தெரியல. நீதான எல்லாத்தையும் எழுதி வச்சிருக்க.”

நஜ்லாவுக்குள் ஏதோ குளிர்ந்தது. அம்மா செத்த வீட்டில் அப்படிக் குளிரக் கூடாதுதான், ஆனால் குளிர்ந்தது. காலையில் ஒரு பெண் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டவன், நாற்பது ஆண்களுக்கு நடுவே வெயிலில் நின்று இன்னொரு பெண் பெயருக்காகக் கையேந்துகிறான்.

“இரு, சொல்றேன்” என்றாள். சொல்ல வாயெடுத்தபோதுதான் வாயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

பையைக் கவிழ்த்துக் குறிப்பேடுகளை எடுத்தாள். முதலாவதில் ‘பாட்டி’. இரண்டாவதில் ‘அப்பாஸ் மாமாவின் தாய்’. மூன்றாவதில் பாட்டி படகில் கொண்டுவந்த கோழிகளின் எண்ணிக்கைகூட இருந்தது, ஏழு. படகின் பெயர் இருந்தது. நான்காவதையும் புரட்டினாள். பக்கம் பக்கமாகப் பாட்டி நடந்தாள், அழுதாள், வலை பின்னினாள். ஓரிடத்தில்கூட யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நஜ்லாவும் அம்மாவிடம் கேட்கவில்லை. மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

“என்ன, கிடைச்சுதா?” ஷாகிரின் குரல் அவசரப்பட்டது. “தெரியலேன்னா பரவால்லையாம். ஆதிப்பொம்பளை ஹவ்வா பேரைச் சொல்லிரலாமாம். எல்லாரும் ஹவ்வா மக்கதானன்னு ஷேக் சொல்றாரு.”

“வேண்டாம்!” என்று அவள் கத்தியதில் காபி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். “ஹவ்வா மகளா எங்கம்மா? அனாதையா அவங்க? நில்லுண்ணே, ஓத விடாத!”

“எத்தனை நேரம் நிக்கிறது? ஜனம் வெயில்ல நிக்குது.”

“ஸித்தஹும்” என்றாள் ரஜா.

கையில் காபித் தட்டோடு வாசல்நிலையில் நின்றிருந்தாள்.

“என்ன மதினி?”

“உங்க பாட்டி பேரு. ஸித்தஹும்.”

“உங்களுக்கு எப்படி…”

“ஆஸ்பத்திரிச் சீட்டுல கேப்பாங்கல்ல, நோயாளியோட தாய் பேருன்னு. ஒவ்வொரு தடவையும் நான்தானே எழுதுனேன். முதல் தடவை அத்தை உங்கண்ணனை வெளிய போய் நிக்கச் சொல்லிட்டு என் காதுல சொன்னாங்க.” தட்டைக் கீழே வைத்தாள். “சொல்லு சீக்கிரம், பாவம் படுத்திருக்காங்க.”

நஜ்லா சொன்னாள். பிறகு, “போனை வைக்காத, ஷேக்குக்குப் பக்கத்துல பிடி. நாங்களும் கேக்கணும்” என்றாள்.

“பொம்பளைங்க கேக்கறதுக்கா? அதெல்லாம்…”

“பிடிண்ணே. இல்லேன்னா இந்தா வர்றேன் அங்க. பாலத்தைத் தாண்டி வந்து நானே சத்தமாச் சொல்வேன். இன்னைக்கு என்னை யாரும் தடுக்க முடியாது.”

“சரி, சரி” என்றான். கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டிக் கூடத்தின் நடுவில் பாயில் வைத்தாள் நஜ்லா. காற்றின் இரைச்சல், யாரோ இருமுவது, மண்வெட்டி ஒன்று கல்லில் உரசுவது. அப்புறம் ஷேக்கின் கரகரத்த குரல்.

“இன்ஷிராஹே, ஸித்தஹுமின் மகளே! இரண்டு வானவர்கள் உன்னிடம் வருவார்கள். உன் இறைவன் யார் என்று கேட்பார்கள். அஞ்சாதே…”

 இருபது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த அண்டைவீட்டுக்காரி, “இன்ஷிராஹா அவ பேரு?” என்று யாரிடமோ கேட்டாள். நஜ்லாவுக்கு அவள்மேல் பாய்ந்து விழலாம் போல இருந்தது. பாயவில்லை. நாலு குறிப்பேடும் மடியில் கிடக்கும்போது யார்மேல் பாய்வது?

ஷேக் மூன்று முறை கூப்பிட்டார். அதன்பின் தொடர்பு அறுந்துவிட்டது. பெண்கள் அழத் தொடங்கினார்கள். நஜ்லா நான்காவது குறிப்பேட்டின் மேலட்டையிலேயே, இருந்த தலைப்பை அடித்துவிட்டு, இரண்டு பெயர்களையும் எழுதினாள். பிறகு காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ரஜாவின் முக்காட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“மதினி, உங்க அம்மா பேரு என்ன?”

“ஏன், நான் செத்தா போயிட்டேன்?”

“சொல்லுங்க.”

ரஜா வாசலைப் பார்த்தாள். ஆண்கள் இன்னும் திரும்பவில்லை.

“முலூக்” என்றாள் சத்தமாகவே. சொல்லிவிட்டு, நஜ்லா எழுதி முடிக்கும்வரை கோப்பைகளை அடுக்காமல் நின்றாள்.